பின் அச்சில் தொங்கிய இரண்டு கட்டிகள்

3 மார்ச் 2025, திங்கள்

ஆத்தூர் போய்த் திரும்பும்போது காரின் பின்னால் டொக் டொக் என்று இடித்தது. முத்துச்சாமி பட்டறையில் தூக்கி நிறுத்திப் பார்த்தார். "டீச்சர், பின் அச்சுல ரெண்டு இரும்புக் கட்டி தொங்குது. ரப்பர் பிஞ்சு போச்சு, அதான் இடிக்குது. கம்பெனிக்காரன் சும்மா மாட்டி விட்டுருக்கான். கழட்டிரவா?"

கழற்றச் சொன்னேன். முப்பது வருடம் கணக்கு நடத்தியவள், சும்மா எதற்கு மாட்டுவான் என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டாமா?

கட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒன்று, பின்வாசல் கதவு காற்றுக்கு அடிக்காமல் இருக்க. மற்றதற்கு வேலை இல்லை, என்னைப் போல.

4 மார்ச்

இடிப்பது நின்றுவிட்டது. ஆனால் வேகம் அறுபத்தைந்தைத் தொட்டதும் ஓர் உறுமல். இன்னும் கூட்டினால் அடங்குகிறது. என் வீட்டுக்காரர் ஞானதாஸ் பின் சீட்டில் படுத்துக் குறட்டை விடுவது போலவே இருக்கிறது. அவர் போய் நாலு வருடம். காந்திகிராமம் தாண்டியும் அறுபத்தைந்திலேயே ஓட்டினேன் — ஏன்?

5 மார்ச், சாம்பல் புதன்

எல்லாரும் குடும்பமாக வந்து நெற்றியில் சாம்பல் பூசிப் போனார்கள். நான் தனியாக.

8 மார்ச்

உறுமலை போனில் பதிவு செய்து பிரிட்டோவுக்கு அனுப்பினேன். சென்னையில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் இருக்கிறான் என் மகன். பேசி இரண்டு வருடம் ஆகிறது. அறிவுச்செல்வியைப் பதிவுத் திருமணம் செய்தான். "மாதா கோயில்ல தாலி கட்டாத கல்யாணத்துக்கு நான் வரல" என்றேன். போகவும் இல்லை.

என்ன எழுதி அனுப்புவது? எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் வெறும் சத்தம் மட்டும் போயிற்று.

9 மார்ச்

பதிவைக் கேட்டுவிட்டான், போனில் நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இல்லை.

10 மார்ச்

"அந்த வெயிட்ட யாரு கழட்டுனது?"

இவ்வளவுதான் அனுப்பியிருக்கிறான். நாள் முழுக்க எடுத்து எடுத்துப் படித்தேன்.

14 மார்ச்

அவனே கூப்பிட்டான். ஒரு வேகத்தில் அச்சு தானாக அதிருமாம். கட்டி எதிர்ப்பக்கம் ஆடி அதை அடக்குமாம். "சும்மா தொங்குற மாதிரிதாம்மா இருக்கும். கழட்டுனாத்தான் தெரியும்."

நாலு நிமிடம் பேசினான். சாப்டியான்னு கேக்குறதுக்குள்ள வச்சுட்டான். அந்தப் பிள்ளையப் பத்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு எனக்கு?

22 மார்ச்

முத்துச்சாமி போன் செய்தார். "புது ரப்பர் வாங்கி வச்சிருக்கேன் டீச்சர். வண்டிய விடுங்க, செத்த நேரத்துல மாட்டிருவேன்."

"வேணாம். என் மகன் வந்து பாக்குறேன்னு சொல்லிருக்கான்."

அவன் அப்படிச் சொல்லவே இல்லை. தவக்காலத்தில் பொய் வேறு.

2 ஏப்ரல்

பிரிட்டோவிடமிருந்து போன் இல்லை. ஒருத்திக்குத் தொட்டுக்க வெஞ்சனம் எதற்கு என்று வெறும் மோரை ஊற்றிச் சாப்பிட்டேன். முத்துச்சாமி முகத்தில் எப்படி விழிப்பது?

13 ஏப்ரல், குருத்து ஞாயிறு

கையில் குருத்தோலையோடு வந்தால், கேட் ஓரம் பையோடு பிரிட்டோ நிற்கிறான். இளைத்துவிட்டான். "வா அப்பு" என்று கேட்டைத் திறந்துவிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தான். "பத்து நிமிஷ வேலைதாம்மா" என்றான். கை துடைக்கத் துண்டு எடுக்க அவன் பையைத் திறந்தபோது பார்த்தேன். உள்ளே ஒரு கவரில் புது ரப்பர் இரண்டு, போல்ட்டுகள். மாட்டிவிட்டு இன்றைக்கே கிளம்பிவிடுவான், அப்புறம் வர என்ன காரணம் இருக்கிறது?

அவன் பையை மூடினான். "இதுக்கு ரப்பர் சென்னையிலதாம்மா கிடைக்கும். ரெண்டு கட்டியையும் எடுத்துட்டுப் போறேன். மே ஒண்ணு லீவு, அன்னைக்கு வந்து மாட்டுறேன்."

முத்துச்சாமியிடம் ரப்பர் இருப்பதை நானும் சொல்லவில்லை.

செருப்பு மாட்டும்போது குனிந்தபடியே, "அறிவும் வரட்டுமா?" என்றான்.

"அதுக்கு என்ன வெஞ்சனம் பிடிக்கும்?" என்று கேட்டேன்.

14 ஏப்ரல்

கட்டி இல்லாமல் பின்வாசல் கதவு காலையிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு செங்கல்லை வைத்தால் நின்றுவிடும். மே ஒன்றாம் தேதி வரை அடிக்கட்டும்.