அமைதிக்குக் கிடைத்த ஸ்டிக்கர்கள்

ரெய்னர்ஸ் லேன்,
லண்டன்.
27.04.2025

அன்பான தர்மியின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். இந்த முறை இதை வழமைக்காக எழுதவில்லை, உண்மையாகவே எழுதுகிறேன். மாமா கைத்தடியோடு கேற் வரைக்கும் நடக்கிறார் என்று நேற்றுச் சொன்னீர்களே, கேட்டதும் சாமிப் படத்துக்கு முன்னால் ஒரு விளக்குக் கூடுதலாக ஏற்றினேன். அவருடைய உடைந்த இடுப்பு எலும்பு பொருந்திவிட்டது என்று தெரிந்த பிறகுதான் இதை எழுதத் துணிந்தேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நீங்கள் போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போடுகிறீர்கள். மாமி, மச்சாள், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் சேர்ந்து எனக்குப் பதில் சொல்கிறார்கள். இது அப்படிச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. ஞானேஸ்வரன் அண்ணை புதன்கிழமை கொழும்புக்குப் பறக்கிறார். சுன்னாகத்துக்கு வந்து இதை உங்கள் கையிலேயே தருவதாகச் சொன்னார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறாள். முழுவதையும் வாசித்த பிறகு என்னை ஏசுங்கள்.

நவம்பரில் பாடசாலைக்குப் பெற்றோர் சந்திப்புக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? மிஸ் பார்க்கர் என்ன சொன்னார்? தமிழ்ப் பிள்ளைகளிடம் ஒரு தனி அமைதி இருக்கிறது, தர்மிகா சில வேளை தியானத்தில் இருப்பவள் போலவே இருப்பாள், வீட்டில் யோகா பழக்குகிறீர்களா என்று கேட்டார். குனிந்து சப்பாத்து லேஸ் கட்டவே மூச்சு வாங்கும் மனிதர் நீங்கள், அது எங்கள் இரத்தத்திலேயே இருக்கிறது என்று பெருமையாகத் தலையை ஆட்டினீர்கள். நானும் குறைந்தவள் இல்லை. அந்தக் கிழமை முழுக்கக் கண்டவர் நின்றவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லித் திரிந்தேன். கோயிலில் பூசை நேரம் அவள் பார்வை குத்தி நிற்பதைப் பார்த்து, "சாமிப் பிள்ளை" என்று பெண்கள் சொன்னார்கள். நீங்கள் பூரித்துப்போய் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்தீர்கள்.

அவ்வளவும் வலிப்பு, அப்பா. அவளுக்கு வலிப்பு வந்துகொண்டிருந்திருக்கிறது.

சொல்லைப் பார்த்துப் பயப்படாதீர்கள். விழுந்து கை கால் இழுக்கிற வகை இல்லை இது. சில விநாடிகளுக்கு நினைவு அறுந்து பிறகு தானாகவே திரும்பி வரும். பார்ப்பவருக்குப் பிள்ளை ஏதோ யோசிக்கிறாள் என்றுதான் தோன்றும். ஒரு நாளில் பத்து இருபது முறை வந்திருக்கும் என்கிறார்கள்.

கண்டுபிடித்தது பியற்றிஸ் அக்கா. பாடசாலையில் மத்தியானச் சாப்பாடு பரிமாறுகிற மன்னார்க்காரி. மாமா விழுந்துவிட்டார் என்று நீங்கள் ஊருக்குப் போன நாலாம் நாள் வாசலில் என்னை மறித்தார். "தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. சாப்பிடேக்க பிள்ளையின்ர கரண்டி பாதியில நிக்குது. கண்ணிமை துடிக்குது. கூப்பிட்டாக் கேக்குதில்லை. பிறகு ஒண்டும் நடக்காத மாதிரிச் சாப்பிடுறா. என்ர தம்பிக்கும் சின்னனில இப்பிடித்தான் இருந்தது. ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்கோ" என்றார். எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். மிஸ்ஸே புகழ்கிற பிள்ளைக்கு இவர் யார் நொட்டை சொல்ல என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் ஸ்டேஷனுக்குக் கிட்ட ரோட்டைக் கடக்கும்போது அவளுடைய கை என் கையிலிருந்து நழுவியது. திரும்பிப் பார்த்தால் நடு ரோட்டில் நிற்கிறாள். பஸ் ஹோர்ன் அடிக்கிறது. நான் கத்தினேன். அவளுடைய கண் என் பக்கம்தான் இருந்தது, ஆனால் என்னைக் காணவில்லை. எப்படித் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று இன்றைக்கும் தெரியாது. பராக்குப் பார்க்காதே என்று இதற்காக எத்தனை முறை அவளுக்கு அடித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பாவி நான்.

வைத்தியசாலையில் தலையெல்லாம் வயர் ஒட்டி, கையில் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். சிரித்துச் சிரித்து ஊதினாள். திடீரென்று நின்றாள். பதினொரு விநாடி என்று பிறகு சொன்னார்கள், எனக்கு ஒரு யுகம். திரும்பவும் ஊதத் தொடங்கினாள், தான் நின்றதே அவளுக்குத் தெரியாது. டாக்டர் அபிஷேக் மதுரைக்காரர். "பயப்படாதீங்கம்மா, இது மருந்துக்கு நல்லா அடங்கும். நிறையப் பிள்ளைகளுக்கு வளர வளர விட்டுடும்" என்றார். தமிழ்நாட்டு டாக்டர் என்றால் கெட்டிக்காரராகத்தான் இருப்பார் என்று என் மனம் உடனே ஆறிவிட்டது. வரும் வழியில் ட்ரெயினில் இருந்து யோசித்தபோது எனக்கே வெட்கமாகப் போனது. மிஸ் பார்க்கர் செய்ததும் இதைத்தானே?

அவரைப் போய்ப் பார்த்தேன். சண்டை பிடிக்கிற எண்ணத்தோடுதான் போனேன். அவரோ ரிப்போர்ட்டை வாசித்துவிட்டு அழுதார். நல்லதாக ஒன்று நினைத்ததால் ஒரு பிள்ளைக்குத் தீங்கு வரும் என்று எண்ணவே இல்லை என்றார். அதே வகுப்பில் ஒரு வெள்ளைக்காரப் பையன் இதே மாதிரி வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இரண்டு கிழமைக்குள் கண்ணும் காதும் சோதிக்க அனுப்பினாராம். அதையும் மறைக்காமல் அவரே சொன்னார். எங்கள் பிள்ளைக்கு மட்டும் அழகாக அமர்ந்திருந்தாள் என்று ஸ்டிக்கர். அவற்றையெல்லாம் அலுமாரிக் கதவில் வரிசையாக ஒட்டி வைத்தது நான்தான். குறை சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்போம். புகழும்போது யார் கேட்பது? அவரை ஏச எனக்கு வாய் வரவில்லை.

இப்போது ஏழு கிழமையாகக் காலையும் மாலையும் சிரப் குடிக்கிறாள். கடைசி மூன்று கிழமையில் ஒரு தரம்கூட வரவில்லை. குளியலறைக் கதவைப் பூட்டக் கூடாது, நீந்தும்போது பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும், வேறு கட்டுப்பாடு இல்லை. ஆனால் வாய் இருக்கிறதே, ஐயோ! பாதி கேட்டுப் பாதி விட்டதெல்லாம் இப்போது முழுதாகக் கேட்கிறது போல. எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு. கத்தரிக்காய்க் கறிக்கு ஒரு வழக்கே நடக்கிறது. வியாழக்கிழமை மிஸ் பார்க்கரிடமிருந்து குறிப்பு வந்தது, தர்மிகா பாடம் நடக்கும்போது அதிகம் கதைக்கிறாள், வீட்டில் சொல்லி வையுங்கள் என்று. சமையலறையில் நின்று அதை மூன்று தரம் வாசித்தேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மாதக்கணக்கில் நெஞ்சில் கிடந்த கல் அன்றைக்குத்தான் இறங்கியது.

உங்களிடம் இவ்வளவு நாள் மறைத்தது பிழைதான், போனில் சொல்லாதே என்று பிள்ளையையும் தடுத்து வைத்திருந்தேன். மாமாவை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டிருந்த உங்களுக்கு இதையும் எப்படிச் சொல்வது? ஆனால் இனி மறைக்க வேண்டாம். பொம்பிளைப் பிள்ளை, நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சி என்று மாமி தொடங்குவார். அவளுக்கு ஏழு வயது, கல்யாணத்துக்கு அவசரம் ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள்.

இன்று காலை அவளுக்குத் தலை வாரி இழுத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள், "அம்மா, நான் இப்ப அமைதியான பிள்ளை இல்லைத்தானே? அப்பா வந்தாக் கோவிப்பாரோ?" என்று. பின்னலை முடித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். அதற்குப் பதில் நான் சொல்லக் கூடாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் நீங்கள் அவளிடம் முதலில் கேட்பது, "குழப்படி செய்யாம இருக்கிறியோ?" என்பதுதான். இந்தக் கடிதம் கிடைக்கிற அன்று அதைக் கேட்காதீர்கள். இண்டைக்கு என்னம்மா கதைச்சனீ என்று கேளுங்கள். சொல்லி முடிக்க வெகு நேரம் எடுப்பாள். தயவுசெய்து, அவள் முடிக்கும் வரைக்கும் போனை வைத்துவிடாதீர்கள்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
சிவமலர்