ரோசிக்கு மாட்டிய சட்டை

வியாழன், இரவு. நெம்மேலி.

அப்பாவின் உடலை இன்று எடுத்தோம். வெடி வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிப் பார்த்தேன். "சத்தமில்லாம எடுத்துக்கினு போனா ஊரு இன்னாக்கா சொல்லும்?" என்றான்.

பாடையைத் தூக்கியதும் முதல் சரம் வெடித்தது. எங்கள் நாய் ரோசி கட்டிலுக்கு அடியில் புகுந்து நடுங்கியது. வெடிச் சத்தத்துக்குப் பயப்படுகிறதே என்று அப்பா அதற்கு வாங்கி வைத்திருந்த சட்டையை எடுத்து, உடம்பைச் சுற்றி மாட்டி, அதன் ஒட்டுப்பட்டையை இறுக்கமாக ஒட்டினேன்; அணைத்துப் பிடித்தாற்போல இருந்தால் பயம் தணியுமாம். இரண்டு விரல் நுழைய இடம் விட வேண்டும் என்பார். விட்டேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மடியில் வைத்திருந்தேன். அது அடங்குவதற்குள் மேளச் சத்தம் கடற்கரைப் பக்கம் போய்விட்டது. பெண்கள் எல்லாரும் தெருமுனை வரை போயிருக்கிறார்கள். நான் போகவில்லை.

அத்தை திரும்பி வந்ததும் அத்தனை பேர் முன்னால் கேட்டாள்: "பெத்த அப்பன் போறான், நீ நாயக் கட்டிக்கினு குந்திகினு கீற."

அத்தைக்குத் தெரியாதா என்ன? தீபாவளிக்கு ஊரே தெருவில் நிற்கும். அப்பா மட்டும் அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ரோசியோடு உட்கார்ந்திருப்பார். இன்றும் முடிந்திருந்தால் எழுந்து அங்கேதான் வந்திருப்பார்.