இடைவேளை வரை பார்த்த படங்கள்

என் அருமை மருமகள் தூங்குமூஞ்சிக்கு,

உன் தாய்மாமன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நான் நலம். உன் அம்மாவும் நலம். எட்டாம் வகுப்பை மூன்று வருடம் படித்தவனின் கையெழுத்து இன்னும் எப்படி முத்து முத்தாக இருக்கிறது பார். மற்றவர்கள் எல்லாம் ஒரே வருடத்தில் அவசர அவசரமாகப் படித்து முடித்தவர்கள். போனில் பேசினால் போதாதா மாமா என்று கேட்டிருந்தாய். போனில் நான் ஒரு படத்தின் கதையைச் சொன்னால் நீ நடுவில் சிரித்துக் கெடுத்துவிடுகிறாய். காகிதம் சிரிக்காது.

ஆபீஸில் எட்டு மாடிக்கும் லிஃப்ட் இன்னும் என் கையில்தான். எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் என் விரல் பொத்தானில் படாமல் இங்கே ஒரு அடி உயர முடியாது. இதைப் போன மாதம் பெரிய அதிகாரியிடமே சொன்னேன். அன்றிலிருந்து அவர் படியேறிப் போகிறார். உடம்புக்கு நல்லது என்று டாக்டர் சொல்லியிருப்பார்.

திங்கட்கிழமை காலையில் லிஃப்டுக்குள் சினிமாப் பேச்சைத் தவிர வேறு பேச்சே கிடையாது. மூன்றாவது மாடி டைப்பிஸ்ட் அம்மாவுக்குக் கதாநாயகன் ஒரு தடவை அழுதால் நல்ல படம், இரண்டு தடவை அழுதால் மிக நல்ல படம். பெருக்குகிற அம்மாள், படத்தில் வருகிற வீடெல்லாம் பளபளவென்று இருக்கிறதே, பெருக்குகிறவளை ஏன் ஒருத்தனும் காட்டுவதில்லை என்று கேட்பாள். ஐந்தாவது மாடிக் கணக்கர் எந்தப் படமானாலும் முதல் பாதி பரவாயில்லை என்று ஆரம்பிப்பார். இரண்டாம் பாதிக்கு வாய் திறக்கும்போது ஐந்தாவது மாடி வந்துவிடும். பதினொரு வருடமாக அவருடைய இரண்டாம் பாதி அபிப்பிராயத்தை நான் கேட்டதில்லை. கடைசித் தீர்ப்பு என்னுடையதுதான். நான் சரி என்றால் எட்டு மாடியும் டிக்கெட் எடுக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மாட்னிக்கு உன் அம்மாவைக் கூட்டிப்போனேன். நீ நம்ப மாட்டாய், தையல் மிஷினை விட்டு அவளை எழுப்புவது, பஸ்ஸை நிறுத்த முன்னால் போய்ப் படுப்பது மாதிரி. பஸ் ஓட்டுகிற ஒரு அம்மா, வெளியூர் போய்விட்ட மகள், இதுதான் கதை. உன் ஊரிலும் வந்திருக்கும், பார். கடைசியில் மகள் திரும்பி வந்து, அம்மா ஓட்டுகிற பஸ்ஸிலேயே பின் ஸீட்டில் ஏறி உட்காருகிறாள். அம்மா கண்ணாடியில் பார்க்கிறாள். நடு ரோட்டில் பிரேக் போட்டு இறங்கி ஓடி வருகிறாள். பஸ்ஸில் இருந்த ஐம்பது பேரும் கைதட்டுகிறார்கள். தியேட்டரிலும் கைதட்டல். உன் அம்மா அழுத அழுகையில் முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்துத் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். எண்பது வயது இருக்கும், ராணுவத்தில் இருந்தவர். வெளியே வந்ததும் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, என் பொண்ணை உடனே வரச் சொல்லி எழுதுடா தம்பி என்றாள்.

அம்மா வரச் சொன்னாளா என்று நாலு வருடமாக ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாயே, இதோ சொல்லிவிட்டாள். இருபது நாள் லீவு இருக்கிறது என்கிறாய். எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பு.

உன் வருகைக்கு லிஃப்டைத் துடைத்து வைத்திருக்கும்,
மாமா

*

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் வந்தது. எப்போதும் நாலு பக்கம் எழுதுகிறவள் இந்தத் தடவை ஆறே வரி எழுதியிருக்கிறாய். அந்தப் பஸ் படத்தைப் பார்த்துவிட்டாயாம். மகள் திரும்பி வரவே இல்லையாம். அம்மா காலி பஸ்ஸை டிப்போவில் கொண்டுபோய் விட்டுவிட்டு விளக்கை அணைக்கிறாளாம், அதோடு படம் முடிகிறதாம். சின்ன வயதில் நான் சொன்ன படங்களையும் தேடிப் பார்த்தாயாம். கப்பலில் போனவன், மலையில் காணாமல் போன அண்ணன், ஆஸ்பத்திரியில் இருந்த அப்பா, ஒருத்தர்கூடப் படத்தில் திரும்பி வரவில்லையாம். கைதட்டின ஐம்பது பேரும் மாமாவின் கைச்சரக்கு என்றால் அம்மாவின் அழுகையும் கைச்சரக்குதானே, அம்மா வரச் சொன்னாளா இல்லையா, ஒரு வரியில் எழுதுங்கள், லீவு எழுதிக் கொடுக்கப் பத்தாம் தேதி கடைசி என்று கேட்டிருக்கிறாய்.

ஒரு வரியில் எழுத எனக்குத் தெரியாது. ஆனால் உள்ளதை எழுதுகிறேன்.

அந்தப் படங்களின் பின்பாதியை நான் பார்த்ததே இல்லை. உன் அப்பா நம்மை விட்டுப் போன அந்த வருடம், ஞாயிற்றுக்கிழமையிலாவது உன் அம்மா நிம்மதியாகத் தைக்கட்டும் என்று உன்னைத் தியேட்டருக்குத் தூக்கிப் போனேன். அரை மணி நேரத்தில் என் தோளில் தூங்கிவிடுவாய். இடைவேளையில் விளக்குப் போட்டால் நீ முழித்து அழுவாய் என்று அதற்கு ஒரு நிமிடம் முன்பே எழுந்து வந்துவிடுவேன். மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே, போனவங்க வந்துட்டாங்களா மாமா என்று கேட்பாய். ஒவ்வொரு படத்துக்கும் அதே கேள்வி. நான் என்ன சொல்வேன்? வந்துட்டாங்க என்றேன். சொல்லச் சொல்ல எனக்கு அது நன்றாக வந்தது. அந்த டைரக்டர்களைவிட நன்றாகவே வந்தது, அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பஸ் படத்தையும் நான் பாதிதான் பார்த்தேன். மகள் போன் செய்கிறாள், அம்மா எடுக்காமல் அது அடித்துக்கொண்டே இருப்பதைப் பார்த்தபடி நிற்கிறாள், அங்கே உன் அம்மா போதும் என்று எழுந்துவிட்டாள். அழவில்லை. கைக்குட்டை கொடுத்த ராணுவக்காரர் இல்லை. முன் வரிசையே காலியாகத்தான் இருந்தது. உன்னை வரச் சொல்லி எழுது என்று அவள் சொல்லவில்லை. நீ கிளம்பின அன்று வாசலில் நின்று, போனால் போனதுதான் என்றாளே, அதற்குப் பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வரை உன்னைப் பற்றி என்னிடம் அவள் ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

இனிமேல் எழுதுவது நடந்தது. நீ நம்ப வேண்டும் என்பதற்காக, கொஞ்சம் அழகாகச் சொல்லலாம் என்று கை அரிக்கிற இடத்தில் எல்லாம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அரிப்பு அடங்கினதும் எடுத்து எழுதுகிறேன்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். தையற்காரி படம் பார்த்தால் எப்படிப் பார்ப்பாள் என்று உனக்குத் தெரியும். கதையை விட்டுவிட்டு மகளாக நடித்தவளின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். தோள் இறங்கிக் கிடக்கிறதாம், பெண் இளைத்திருக்கிறாள், பழைய அளவுக்கே தைத்துப் போட்டிருக்கிறார்கள், ஒருத்தன் கண்ணிலும் படவில்லையா என்றாள். தெருமுனை வரைக்கும் அதையேதான் சொன்னாள். நானும் ஆமாம் என்றேன். நான் சட்டையைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மிஷினுக்குக் கீழே இருந்து அளவு நோட்டை எடுத்தாள். பள்ளிக்கூடச் சட்டை தைக்க வருகிற பிள்ளைகளின் அளவெல்லாம் இருக்கிற அந்த நீள நோட்டுதான். உன் பக்கத்தை அவள் தேடவில்லை. திறந்தாள், அது உன் பக்கமாக இருந்தது. மார்பு, தோள், கை நீளம் எல்லாம் நாலு வருடத்துக்கு முந்தியது. அதற்குக் கீழே தேதி எதுவும் இல்லாமல் ஒரு கோடு போட்டு இடம் விட்டிருந்தாள். நீ இப்போது எப்படி இருப்பாய் என்று என்னைக் கேட்டாள்.

சொல்ல வாய் திறந்தேன். உனக்கே தெரியும், கேட்டால் நான் எதையாவது சொல்லிவிடுவேன். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. இளைத்திருக்கிறாயா, பூசினாற்போல் இருக்கிறாயா, எனக்கும் தெரியாதே. போட்டோ அனுப்பும்போதெல்லாம் நீ பெரிய கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறாய். அதனால், அளவு எழுதி அனுப்பச் சொல்லி அவளுக்குக் கடிதம் போடட்டுமா அக்கா என்று கேட்டேன்.

அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எழுதி வர்ற அளவுக்கு நான் என்னைக்குடா தைச்சிருக்கேன்? ஆள் வந்து நிக்கணும்."

அவ்வளவுதான். நோட்டை மூடிவிட்டு மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். வேறு யாருடைய காலரையோ தைத்தாள். ஒரே தையலை இரண்டு தடவை பிரித்தாள். நான் காப்பி போட்டுக் கொண்டுபோய் வைத்தேன், ஆறிப்போகும்வரை அதைத் தொடவில்லை.

இதில் என் கைச்சரக்கு ஒரு நூல்கூட இல்லை. உன் அம்மாவின் வாடிக்கை உனக்குத் தெரியும். இரண்டாவது மாடி அதிகாரி மனைவி அளவை எழுதி ஆள் மூலம் அனுப்பினபோது துணியைத் திருப்பி அனுப்பினவள். பெரிய படிப்புப் படித்தவள் நீ, அவள் சொன்னது வரச் சொன்னதா இல்லையா என்று நீயே பார்த்துக்கொள். நான் பொருள் சொல்ல மாட்டேன். சொன்னால் அதையும் என் கணக்கில் எழுதிவிடுவாய்.

மறுநாள் அவள் கடைக்குப் போய்த் துணி வாங்கி வந்து அலமாரியில் வைத்திருக்கிறாள். வெட்டவில்லை. என்ன நிறம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் எழுதவில்லை.

லிஃப்டில் இந்தத் திங்கட்கிழமை எல்லோரும் அந்தப் பஸ் படத்தைப் பற்றிக் கேட்டார்கள். நான் இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை என்றேன். டைப்பிஸ்ட் அம்மா எனக்கு உடம்பு சரியில்லையோ என்று கேட்டார்கள். பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை வருகிறது. அலமாரிச் சாவி உன் அம்மா இடுப்பில் இருக்கிறது, அளவு நாடா மிஷின் மேலேயே தொங்குகிறது. எங்கே இருந்தாலும் நன்றாகச் சாப்பிட்டு, உடம்பு தேறி, நூறு வருடம் நன்றாக இரு. இங்கே ஒரு நிமிடம் வந்து நேராக நின்றுவிட்டுப் போ.

உன்னைத் தூக்கின தோள் இன்னும் மரத்துப்போயிருக்கும்,
உன் மாமா