தூர லென்ஸுக்குப் பதிலாக

2007 ஒக்டோபர் 9, செவ்வாய்

இவ்வளவு நாளும் காத்திருந்த பார்சல் இன்று வந்தது. கல்விக் கந்தோரில் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் தபாற்கந்தோருக்கு ஓடினேன். வீடு வரை பொறுக்க முடியவில்லை. பதுளை பஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்தே பிரித்தேன்.

குருவிகளைப் படம்பிடிக்கத் தூர லென்ஸ் கேட்டிருந்தேன். லண்டனில் இருக்கும் அண்ணாவின் கிரடிட் கார்டில், அலவியின் இணையக் கடையில் உட்கார்ந்து, வெளிநாட்டுக் கடையொன்றில் பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்தது. பெட்டிக்குள் இருந்ததோ கட்டைக் குட்டையான வேறொன்று. எறும்பையும் பூவின் மகரந்தத்தையும் முட்டுகிற அளவு கிட்டப் போய் எடுக்கிற மக்ரோ லென்ஸ். பெட்டியின் மேல் என் பெயர்தான். உள்ளே வேறு யாரோ ஒருவருடைய ஆசை.

என் மனைவி வதனி சிரிக்கிறாள். "உங்கட குருவியள் எல்லாம் எறும்பாப் போச்சுதே!"

சிரிக்கிற நேரமே இது?

ஒக்டோபர் 11, வியாழன்

கடைக்கு மின்னஞ்சல் போட்டேன். பதில் இல்லை.

ஒக்டோபர் 14, ஞாயிறு

விடாத மழை. வெளியே போக வழியில்லை. அந்தக் குட்டையனைக் கமராவில் பூட்டிப் பார்த்தேன். குசினிச் சுவரில் சீனி இழுத்துப் போன ஓர் எறும்பு. அம்மாடி! காலில் இருக்கிற மயிர்கூட எண்ணலாம் போல இருக்கிறது. ஆனாலும் எனக்கு வேண்டியது குருவி.

ஒக்டோபர் 20, சனி

எறும்புப் படத்தை அலவியின் கடையில் அச்செடுத்துக்கொண்டு நின்றேன். போட்டோக்கொப்பி எடுக்க வந்த ஒரு பெண் குடையை மடக்காமலே திரையைப் பார்த்தபடி நின்றுவிட்டார். பெயர் சிவசக்தி. அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் மருத்துவமாது. பிறந்ததும் அதே தோட்டத்தின் மேல் பிரிவில், மேற்கணக்கில்தானாம்.

"சேர், இது நீங்க எடுத்ததுங்களா?"

"ஓம்."

"எறும்புக் காலே இவ்வளவு தெளிவா இருக்கே. வெடிப்பு ஒண்ண இந்த மாதிரி எடுத்துத் தர ஏலுமா?"

மேற்கணக்கில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு மேலே, தேயிலை மலையில் நிலம் வெடித்திருக்கிறதாம். மழை தொடங்கின பிறகு லயச் சுவர்களிலும் வெடிப்பு. தோட்டத்து மனேஜரான துரையிடம் சொன்னால், "அது வெள்ளக்காரன் காலத்து வெடிப்பு" என்கிறாராம்.

"நாளைக்கு வாங்களேன் சேர்" என்றார். கெஞ்சலும் இல்லை, அதிகாரமும் இல்லை. வருகிறேன் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஒக்டோபர் 21, ஞாயிறு

கமராப் பையைக் கண்டதும் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். லென்ஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கட்டையாக, தூரத்தில் வேவு பார்க்க உதவாததாக இருந்தபடியால் விட்டார்கள். கேட்ட லென்ஸ் வந்திருந்தால் இன்றைக்கு எங்கே இருந்திருப்பேனோ.

மலையில் கால் வைத்த இடமெல்லாம் இரத்தம் குடிக்கிற அட்டை. வெடிப்பு தேயிலைச் செடிகளுக்கு நடுவே கோணலாக ஓடுகிறது. நான் குனிந்து எடுக்கத் தயங்க, சிவசக்தி சேற்றில் முழங்காலிட்டுக் கமராவுக்குக் குடை பிடித்தார். தான் முழுதாக நனைந்தார்.

பழைய வெடிப்பென்றால் விளிம்பில் பாசி இருக்க வேண்டாமா? இல்லை. உள்ளே தேயிலை வேர்கள் இழுபட்டு அறுந்து கிடக்கின்றன. அறுந்த முனை வெள்ளையாக, ஈரமாக. வெறும் கண்ணுக்கு அது நூல் மாதிரி. படத்தில் பார்க்கப் பயமாக இருக்கிறது.

ஒக்டோபர் 28, ஞாயிறு

மறுபடி போனேன். அதே இடங்கள், அளவு தெரிய ஓர் அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்து. கருப்பம்மா என்கிற கொழுந்தெடுக்கும் அம்மாவின் வீட்டுச் சுவரில் போன கிழமை ஊசி நுழையாது. இன்று விரல் நுனி போகிறது.

நவம்பர் 2, வெள்ளி

லென்ஸ் கடைக்காரர் பதில் போட்டிருக்கிறார்கள். மன்னிக்கச் சொல்கிறார்கள். இந்தக் கிழமைக்குள் திருப்பி அனுப்பினால் சரியான லென்ஸ் வருமாம். பிந்தினால் மாற்ற மாட்டார்களாம்.

"உடன அனுப்புங்கோ. இதுக்குத்தானே இவ்வளவு நாளும் புலம்பினீங்கள்?" என்கிறாள் வதனி.

அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை எதைக் கொண்டு மலைக்குப் போவது?

நவம்பர் 4, ஞாயிறு

அனுப்பவில்லை. வதனியிடம் சொன்னேன். அவள் எழும்பிப் போய் என் மழைக்கோட்டை எடுத்து வந்து தந்தாள்.

நவம்பர் 7, புதன்

நாளை தீபாவளி. இன்று துரையின் கந்தோர். படங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு சிவசக்தி கொண்டுவந்தார். நான் பின்னால்தான் நின்றேன். கதைத்தது முழுக்க அவர்.

துரை இளம் ஆள், கெட்டவர் இல்லை. மழைக்காலம் வந்தால் எல்லோருக்கும் பயம் வருவதுதான் என்றார். சிவசக்தி குரலை உயர்த்தவே இல்லை. வேர்ப் படத்தை மேசையில் வைத்தார்.

"தொரை, இந்த வேரப் பாருங்க. அந்த எடம் இன்னும் காயல. வெள்ளக்காரன் போயி எத்தன வருசமுங்க?"

துரை படத்தை எடுத்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு எங்கள் முன்னாலேயே பதுளைக்கு, அனர்த்தப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

எனக்கு அந்த இடத்தில் கைதட்ட வேண்டும் போல இருந்தது. என்ன மனிசி இவ!

நவம்பர் 13, செவ்வாய்

அதிகாரி வந்து மலை முழுக்க நடந்து பார்த்தாராம். மூன்று லயத்துச் சனமும் எழும்பிப் போக வேண்டும், அவர்கள் தங்கத் தோட்டப் பள்ளிக்கூடத்தைத் திறந்து கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் சனம் எழும்பவில்லையாம்.

நவம்பர் 18, ஞாயிறு

லீவு நாளென்று நானும் சாமான் தூக்கப் போனேன். பாதி வீடுகள் காலி. மற்றவர்கள் பொன்னையாவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். அவர் கோயில் தலைவர், பிடிவாதக்காரர்.

"மூணு தலமொறையா இங்கதான் கெடக்குறோம். இந்த மல எங்கள ஒண்ணும் செய்யாது. போறவுங்க போங்க" என்று வாசலில் சம்மணம் கட்டிவிட்டார்.

சிவசக்தி வாதாடவில்லை. நேரே கொட்டிலுக்குப் போய் அவருடைய பசுவை அவிழ்த்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடப் பாதையில் நடக்கத் தொடங்கினார்.

"அடியே சக்தி! என் மாட்ட எங்கடி கொண்டு போற?"

"பால் கறக்குற நேரத்துக்கு வந்துருங்க அண்ணே!"

லயமே சிரித்தது. பொன்னையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும். நான் ஒரு தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு சிரித்துச் சிரித்தே இறங்கினேன்.

நவம்பர் 20, செவ்வாய்

கந்தோருக்கு அலவி ஓடி வந்தான். மூச்சு வாங்கியது. "சேர், கடைக்குப் போன் வந்திச்சு. மல எறங்கிட்டாம்."

ஆள்? ஆள்? — அது மட்டும்தான் கேட்க வந்தது.

"ஒராளுக்கும் ஒண்டுமில்ல சேர். எல்லாரும் பள்ளிக்கூடத்துலதான்."

படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். அலவியும் பக்கத்தில் இருந்துகொண்டான்.

நவம்பர் 21, புதன்

போய்ப் பார்த்தேன். மூன்று லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண். ஒரு தகரம்கூட வெளியே தெரியவில்லை. காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் கூப்பிடுகிற நேரத்தில் இறங்கியதாம்.

பள்ளிக்கூடத்தில் கருப்பம்மா தேநீர் தந்தார். அவர்தான் சொன்னார், நடு லயத்தின் கடைசி வீடு சிவசக்தியுடையது என்று. எனக்குத் தெரியவே தெரியாது!

"எங்க சாமானயெல்லாம் தூக்கித் தூக்கியே ஓடுனுச்சுங்க. முந்தாநாத்து ஒரு பிரசவம், அதுக்கும் அதுதான். அது வீட்டுலருந்து ஒரு துணிகூட வரலீங்க."

போனது போனதுதான். செத்துப்போன தாய் தகப்பனின் ஒரே படமும் அந்த வீட்டில்தானாம்.

சிவசக்தி யாரோ ஒருவரின் பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு கைக்குழந்தைகளைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல், "ஏன் நீங்கள் ஒண்டும் எடுக்கேல்லை?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நாளைக்கி எடுக்கலாம்னு இருந்தேன் சேர்" என்றார். தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது. பிறகு, "அடுத்த புள்ளையக் கொண்டாங்க" என்றார்.

எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பெரிய மனிதர்களுக்கு மாலை போடப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு ஆளை இதுவரை பார்த்ததில்லை.

2008 ஜனவரி 20, ஞாயிறு

பொங்கல் முடிந்து இன்றுதான் போக முடிந்தது. வதனியும் வந்தாள். தொழிற்சாலைக்குப் பக்கத்து மேட்டில் தற்காலிகக் கொட்டில்கள் கட்டி முடிந்துவிட்டன. யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கினார்கள். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து முதல் கொட்டிலை மட்டும் பொன்னையா குலுக்கலில் சேர்க்கவில்லை. அது சிவசக்திக்காம்.

"அது எனக்கு வேணாம். மாசமா இருக்கவங்களுக்குக் குடுங்க. என் பேரயும் சீட்டுல எழுதுங்க" என்று சிவசக்தி நின்றார். ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவரும் அசையவில்லை. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள்தான் முதலில் மாட்டேன் என்றார்கள். கருப்பம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வெற்றிலை மென்றார்.

பொன்னையா சிவசக்தியின் மருந்துப் பையைத் தூக்கினார். முதல் கொட்டிலுக்குள் வைத்தார். வெளியே பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அண்ணே, சாவியக் குடுங்க. கிளினிக்குக்குப் போகணும்."

"குடிபோறேன்னு சொல்லு. தாரேன்."

சிவசக்தி எங்களைப் பார்த்தார், உதவிக்கு வருவோம் என்று. வதனி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

கடைசியில் சிவசக்தி சாவிக்குக் கையை நீட்டினார்.

"சரிண்ணே. குடிபோறேன்."