வைப்பரைத் தொட வேண்டாம்

நவம்பர் 9, சனி

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் விடைத்தாள் 42. திருத்தியது 11.

அந்தோணி நேற்று மாலை ரயிலேறியாயிற்று. ராஜஸ்தான் பக்கம் சோதனை ஓட்டமாம், பன்னிரண்டு நாள். ஃபேக்டரியிலிருந்து எலெக்ட்ரிகல் இன்ஸ்பெக்ஷன் ஆள் கூடப் போகாவிட்டால் ராணுவ டாங்கி மணலில் நகராதாம். (இனி இந்த நோட்டில் அ. மட்டும். கட்டிய புருஷன் பெயரை முழுசாக எழுத ஒரு வருஷமாக மனம் வருவதில்லை.)

சாப்பாட்டு மேசைமேல் கார் சாவி. அதற்கடியில் துண்டுச்சீட்டு, ஃபேக்டரி ரிப்போர்ட் மாதிரி எண் போட்டு:

1. 22ஆம் தேதி கார் இன்ஸ்பெக்ஷன். வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிகிறது. பாஸானால்தான் ரோட்டில் ஓட்டலாம்.
2. மெக்கானிக் கன்னியப்பன் வருவான். பிரேக், ஹாரன், லைட் பார்க்கச் சொல்.
3. நீ ஓட்ட வேண்டாம்.
4. வைப்பரைத் தொட வேண்டாம். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

நான்காவதுக்கு அடியில் இரண்டு கோடு. மூன்றாவதுக்குக் கோடு தேவையில்லை என்று நினைத்திருப்பார். ஒரு வருஷமாக நான் ஓட்டுவதே இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு

மழை விட்டுவிட்டு. பூசைக்குப் போய்த் திரும்பினால் வாசலில் நாத்தனார். அ.வின் அக்கா பிலோமினா, ஐயப்பன்தாங்கலிலிருந்து வறுத்த மீனோடு. மீன் நன்றாகத்தான் இருந்தது. கூடவே வழக்கமான பேச்சும் வந்தது.

என் மகள் ரெஜியின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். நெற்றியில் இடது புருவத்துக்கு மேல் அந்தத் தழும்பு.

"பொம்பளப் புள்ள மூஞ்சி. நாளைக்கு ஒருத்தன் வந்து பாக்க மாட்டானா? உனக்கு என்ன லில்லி, ஸ்டியரிங்கப் புடிச்சே ஆகணும்னு அப்படி ஒரு ஆசை?"

மீன் முள்ளை எடுப்பதில் கவனமாக இருந்தேன்.

போன நவம்பர். இதே நாத்தனார் வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அ.வுக்குக் காய்ச்சல். சாவியை என் கையில் கொடுத்தது அவரேதான். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான், லைசென்சும் இருக்கிறது. பருத்திப்பட்டு வரும்போது மழை ஊற்றியது. வைப்பர் ஒரு முறை மேலே போய்க் கீழே வருவதற்குள் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். "ஒண்ணும் தெரியல, ஓரமா நிறுத்தட்டுமா?" என்றேன். "வைப்பர் ஓடுதில்ல, ஓட்டு" என்றார், கண்ணை மூடிக்கொண்டே. பின்விளக்கு இல்லாமல் ஒரு லாரி நின்றிருந்தது. பின்சீட்டில் இருந்த ரெஜியின் நெற்றி முன்சீட்டு இரும்பில் மோதியது. ஏழு தையல்.

மறுநாளிலிருந்து ஃபேக்டரியில், கோயிலில், நாத்தனார் வீட்டில் எல்லாம் ஒரே வாக்கியம்: லில்லி ஓட்டினாள். பொய் இல்லை. அ. அதோடு ஒரு வார்த்தை சேர்த்ததில்லை, குறைத்ததுமில்லை.

ரெஜிக்குப் பதினொரு வயது. விபத்துக்குப் பிறகு ஒருநாள் நான் சாவியை எடுத்தபோது, "நான் பஸ்ல வரேன்மா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மரியாதையாகச் சொன்னாள். அன்றோடு சாவியை அ.விடம் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 12, செவ்வாய்

தாழ்வு மண்டலம் என்று ரேடியோவில். பள்ளி அரை நாள். சமையலறையில் இரண்டு இடத்தில் ஒழுகல், இரண்டு குண்டான். குவார்ட்டர்ஸ் ஆபீசில் எழுதிக் கொடுத்து ஏழு மாதம்.

மாலையில் கன்னியப்பன். பிரேக் சரி. ஹாரன் சரி. ஒரு பின்விளக்கு பல்பு போய்விட்டது, மாற்றினான். பிறகு வைப்பர் சுவிட்சைப் போட்டான். போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தான்.

"இன்னா டீச்சரம்மா, இது தூங்கிகினே துடைக்குது. இன்ஸ்பெக்டரு கண்ணாடில தண்ணி ஊத்திப் பாப்பாரு. இத்த வச்சிகினு பாசாவாது."

"அவர் வந்து பாக்கறேன்னு எழுதி வச்சிருக்கார்."

"சாரு இருவதாந்தேதிதான வர்றாரு? ரெண்டு நாள்ல இன்னா பண்ணுவாரு? நீயே சொல்லு."

அந்த இரண்டு கோடும் ஞாபகம் வந்தது. கோடு போடாமல் இருந்திருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன். "பாரு" என்றேன்.

ரப்பர் இரண்டும் மாற்றினான். கைகளின் ஸ்பிரிங்கை இறுக்கினான். உள்ளே இணைப்புக் கம்பிகளுக்கெல்லாம் கிரீஸ் வைத்தான். திரும்பப் போட்டால் அதே நடை. ரப்பர் புதுசு என்பதால் சத்தம் மட்டும் போச்சு.

"பேட்டரி வீக்கா கீதோ இன்னாவோ" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தான்.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினம். மிட்டாய், பேச்சுப்போட்டி, தலைமையாசிரியையின் நீண்ட உரை. மூன்று மணிக்கே விட்டார்கள். லேபில் எழுதிக் கொடுத்துவிட்டு வோல்ட்மீட்டரை டிபன் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். சாம்பார் வாசம் ஏறிவிடக் கூடாது என்று செய்தித்தாளில் சுற்றி.

பானெட்டைத் திறந்தேன். எதிர் வீட்டு அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்.

பேட்டரி: 12.4. வீக் இல்லை.
என்ஜின் ஓடும்போது: 13.8. டைனமோவும் சரி.
வைப்பர் ஓடும்போதே மோட்டாரின் முனையில்: 12க்கு மேல். ஆக சுவிட்ச், வயர், எர்த் எல்லாம் சரி.
மோட்டாரிலிருந்து இணைப்புக் கம்பியைக் கழற்றிக் கையால் ஆட்டினேன். ஒரு விரலால் தள்ளினாலே நகர்கிறது, இறுக்கம் இல்லை.

எல்லாம் சரி, ஆனால் ஓட்டம் பாதி. என் மாணவி இப்படி எழுதி நிறுத்தியிருந்தால், அடுத்த வரி எங்கே என்று சிவப்பு மையில் கேட்டிருப்பேன். அடுத்த வரி ஒன்றுதான். கோளாறு மோட்டாரில்.

அந்த மோட்டாரை இரண்டு வருஷத்துக்கு முன் அ.தான் மாட்டினார். பழையது எரிந்துபோனது. "நல்ல மோட்டார், கடையில கிடைக்காது" என்றார். நானும் பெருமைப்பட்டேன். அதுவும் எழுதத்தான் வேண்டும்.

நவம்பர் 16, சனி

வெயில், நாலு நாளுக்குப் பிறகு. அரிசி தீர்ந்தது, வாங்க வேண்டும். ரெஜிக்குப் புது ஷூ கடிக்கிறதாம்.

கன்னியப்பன் காலையில் காரைத் தன் ஷெட்டுக்கு ஓட்டிப் போனான். நான் பஸ்ஸில் அம்பத்தூர். மோட்டாரைக் கழற்றி என் முன்னால் பெஞ்சில் வைத்தான். சோப்புக்கட்டி இரண்டைச் சேர்த்த அளவு. மேலிருந்து கீழ்வரை பச்சைப் பெயின்ட், கெட்டியாக. ஒரு பக்கம் நாலு ஆணியோடு தகடு. அதன் மேலும் பெயின்ட்.

தகட்டை விரலால் தடவிப் பார்த்தேன்.

அ.வின் வேலையே தகடு படிப்பதுதான். எந்த மோட்டார், எத்தனை வோல்ட், எந்த வருஷம் என்று தகட்டைப் படித்து, சரி என்று கையெழுத்துப் போடுவது. பெயின்ட் அடிப்பதற்கு முன் தகட்டில் விரலால் கிரீஸ் தடவிவிட வேண்டும், அப்போதுதான் பெயின்ட் ஒட்டாது, துணியால் துடைத்தால் எழுத்து தெரியும். ஃபேக்டரியில் முதல் நாள் கற்றுக்கொடுப்பது அது. இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மேசை ஃபேனுக்கு, தையல் மெஷினுக்கு, ரெஜியின் சின்ன சைக்கிளுக்குக்கூட கிரீஸ் தடவிவிட்டுத்தான் பெயின்ட் அடித்தார். எங்கள் வீட்டில் பெயின்ட் மூடிய தகடு என்று ஒன்று கிடையாது. இது ஒன்றைத் தவிர.

பிளேடு கேட்டேன். நானே சுரண்டினேன். முதலில் ஒரு 2. பிறகு 4. பிறகு V.

கன்னியப்பன் குனிந்து பார்த்தான்.

"அட, இது மில்ட்ரி மோட்டாரு. டிஸ்போசல் ஏலத்துல எட்த்தது. அவங்க வண்டி அல்லாம் இருவத்திநாலு. உன் வண்டி பன்னெண்டு. ஓடும், ஆனா பாதி உசுருலதான் ஓடும்."

ஷெட்டில் ஒரு லாரி நின்றது. லாரிக்கும் 24தானாம். பையில் கொண்டுபோயிருந்த வோல்ட்மீட்டரை எடுத்து ஓரமாக வைத்தேன், அது 15 வரைதான் தாங்கும். லாரி பேட்டரியிலிருந்து இரண்டு வயர் இழுத்து மோட்டாரில் தொட்டான். பெஞ்சே அதிர்ந்தது. இரண்டு வருஷம் எங்கள் காருக்குள் இருந்த சாமான், அவ்வளவு வேகமாகச் சுற்றி நான் பார்த்ததே இல்லை.

"சாருக்கு இது தெரியாமயா போய்க்கும்?" என்றான் கன்னியப்பன். கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியிருக்க வேண்டும். டீ சொல்லப் போனான்.

12 வோல்ட் மோட்டார் ஒன்று வாங்கி மாட்டச் சொல்லிவிட்டு, பழையதைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மடியில் கனத்தது. அரிசி வாங்க மறந்துபோனேன்.

நவம்பர் 17, ஞாயிறு

பூசைக்குப் போனேன். நற்கருணை அப்பம் வாங்கவில்லை. மன்னிப்பு பற்றிப் பிரசங்கம். பக்கத்தில் ரெஜி முக்காட்டை இழுத்துத் தழும்பை மறைத்தபடி முழந்தாளில் இருந்தாள். அ.வை வெறுக்கிறேன். இதை வேறு எங்கும் எழுத முடியாது, அதனால் இங்கே.

நவம்பர் 20, புதன்

மழை. பள்ளி விடுமுறை. அ. மதியம் வந்து சேர்ந்தார். முகமெல்லாம் கறுத்து, பெட்டியெல்லாம் மணல். குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். தட்டுக்குப் பக்கத்தில் மோட்டாரை வைத்தேன், தகடு மேலே தெரியும்படி.

"யார் கழட்டச் சொன்னா?"

"படிங்க. தகடு படிக்கிறதுதானே உங்க வேலை."

படிக்கவில்லை. படிக்கத் தேவையில்லை. ரசச்சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"பன்னெண்டு வோல்ட் அப்போ கிடைக்கல. தூறலுக்குப் போதும்னு நினைச்சேன். மாத்தணும்னுதான் இருந்தேன்."

"தகட்ட ஏன் மூடினீங்க?"

தட்டை மோட்டாரிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டார்.

"ஒரு வருஷமா உங்க அக்கா என்னைப் பேசறப்ப எல்லாம் பக்கத்துல உக்காந்திருந்தீங்களே."

"சொல்லி என்ன ஆகப்போகுது, லில்லி? புள்ளைக்குப் பட்டது பட்டாச்சு. நான், ஒரு இன்ஸ்பெக்ஷன்காரன், என் வண்டியில தப்பு மோட்டார் மாட்டினேன்னு ஃபேக்டரில தெரிஞ்சா ரிட்டயர் ஆகிற வரைக்கும் சிரிப்பானுங்க. அக்காகிட்ட சொல்லிடாத."

நான் சொல்வதாக இல்லை. நான் சொன்னால் சாக்கு என்பார்கள். சொல்ல வேண்டியது அவர். ஒரே ஒரு வாக்கியம்: தப்பு லில்லிமேல் இல்லை. அக்கா முன்னால், ரெஜி காதுபட. அதை அவரிடமே சொன்னேன். "ஞாயித்துக்கிழமை அங்க போறோமில்ல, பாக்கலாம்" என்றார். ரசம் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன்.

நவம்பர் 21, வியாழன்

குவார்ட்டர்ஸ் சுவர் பேருக்குத்தான். நேற்று பக்கத்து அறையில் ரெஜி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைத்தேன். இன்று தலை பின்னும்போது கேட்டாள்.

"அம்மா, அப்பாவுக்கு முன்னாடியே தெரியுமா?"

"அப்பாவக் கேளு."

"நீ சொல்லு."

"ஞாயித்துக்கிழம சொல்றேன்னாரு" என்றேன். ரிப்பன் முடிச்சு கோணலாக விழுந்தது. அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

நவம்பர் 22, வெள்ளி

இன்ஸ்பெக்ஷன். அ. ஓட்டினார், நான் பேப்பர்களோடு பக்கத்தில். ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானம் ஒரே சேறு. இன்ஸ்பெக்டர் ஒரு மக் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றினார். சுவிட்ச். ஒரே வீச்சில் துடைத்தது. அடுத்த வீச்சுக்குத் தண்ணீரே மிச்சமில்லை. "பழைய வண்டிய நல்லா வச்சிருக்கீங்க சார்" என்றார். அ. தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.

திரும்பும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல வேலை பண்ணினே." கறிக்குழம்பு நன்றாக வந்த அன்றைக்குச் சொல்லும் அதே குரல்.

நவம்பர் 24, ஞாயிறு

கிறிஸ்து அரசர் திருநாள். பூசை முடிந்து நேரே ஐயப்பன்தாங்கல். போகும்போது மழை இல்லை. பருத்திப்பட்டு அருகே வந்தபோது ரெஜி முன்சீட்டு இரும்பைப் பிடித்துக்கொண்டாள்.

பிரியாணி. நாத்தனார் பரிமாறும்போது ரெஜியின் முடியை ஒதுக்கினார்.

"இது இனிமே போகாது. கல்யாணத்தப்ப பவுடர் போட்டுத்தான் மறைக்கணும். பொம்பள ஓட்டினா இப்படித்தான்."

நான் அ.வைப் பார்த்தேன். ரெஜியும் பார்த்தாள். சோற்றில் வைத்த கையை எடுக்காமல் பார்த்தாள். அ. எங்கள் இருவரையும் பார்த்தார். பார்த்தார் என்பதுதான் முக்கியம், கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

"தயிர்ப்பச்சடி இன்னும் கொஞ்சம் வை அக்கா" என்றார்.

வைத்தார்கள். சாப்பிட்டார்.

நாலு மணிக்குக் கிளம்பும்போது நல்ல மழை. அ. குடையோடு ஓடிப்போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து என்ஜினைக் கிளப்பினார். பின்கதவைத் திறந்து வைத்தார். ரெஜி வாசலிலேயே நின்றாள்.

"ஏறும்மா, நனையாத."

"நான் பஸ்ல வரேன்பா."

அதே மரியாதையான குரல்தான். ஒரு தடவை சொல்லிவிட்டு, பஸ் டிப்போ பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். அ. என்னைப் பார்த்தார். நாத்தனார், "இவளுக்கு என்ன ஆச்சு?" என்றார். அ.விடம் கேட்கச் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு ரெஜியின் பின்னால் போனேன்.

டிப்போ வாசலில் கூரை ஒழுகியது. பூந்தமல்லி போய் மாற வேண்டும். இரண்டு பேரும் நன்றாக நனைந்துவிட்டோம். ரெஜி என் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். எங்கள் கார் மெதுவாக எங்களைத் தாண்டிப் போனது. வைப்பர் அருமையாக ஓடியது. உள்ளே அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது.