நொதி என்று எழுதிய குப்பி

குற்றாலம்,
வெள்ளி காலை.

என் அன்பானவளுக்கு,

இங்கே சாரல் விடாமல் விழுகிறது. மெயினருவியில் குளிக்கத் தடை. நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உன் ஆய்வுக்கூடத்து ஜுஹைனா தென்காசியிலிருந்து வந்தாள். அங்கே ஃபிரிட்ஜ் பழுது என்று நீ நம் வீட்டில் வைத்துவிட்டுப் போன குப்பியைக் கேட்டாள். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் உங்கள் எரிபொருள் கலத்துக்குள் அதிலிருப்பதை விட்டால், அந்த மின்சாரத்திலேயே மருந்துச் சரக்கு உருவாகுமாம். நீ நாலு வருஷமாகப் பிரித்தெடுத்தது அதுதானாம்.

நான் கழுவிக் கவிழ்த்திருந்த குப்பியை எடுத்துக் கொடுத்தேன்.

"அண்ணாச்சி, உள்ள இருந்தது எங்க?"

"நொதின்னு எழுதியிருந்துச்சு. நொதிச்சுப் போச்சுன்னு கொட்டிட்டேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நொதின்னா என்சைம், அண்ணாச்சி."



"கொழம்பு நொதிச்சிருந்தா கொட்டிருங்க" என்று நீதானே சொல்லிவிட்டுப் போனாய்? அதைக் கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். எழுதும்போதுதான் நினைவு வந்தது. போன மாதம் உன் குப்பிகளைப் பார்த்து, "ஏட்டி, எல்லாத்துலயும் இங்கிலீஷ்லயே எழுதுதியே, எனக்குப் புரியுத மாதிரி ஒண்ணுலயாவது தமிழ்ல எழுது" என்று கேட்டவன் நான்.

அந்த ஒன்றைத்தான் கொட்டியிருக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்