அடி வாங்குகிறவளின் சத்தம்

லாசால்,
மார்ச் 1974

அம்மா,

தோழி வீட்டில் பத்திரமாக இருக்கிறேன். அப்பா அடித்துக் கிழிந்த உதடு ஆறிவிட்டது, பாட முடிகிறது.

நேற்று பள்ளியில் இசை நாடக ஒத்திகை. கணவனாக நடிக்கும் பையன் என்னை அறைய வேண்டும். அவன் கை என் மேல் படாது. அடி வாங்குகிறவள்தான் மறைவாகக் கையைத் தட்டி, அலற வேண்டும். முகத்தைச் சரியாகத் திருப்பிவிட்டேன். ஆனால் அலறாமல் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"யார் சொல்லிக்கொடுத்தது இது?" என்றார் ஆசிரியை.

உன்னைச் சொல்லவில்லை. அப்பா உன் தலையைச் சுவரில் மோதியபோது நான் அலற, ரத்தக் கையால் என் வாயைப் பொத்தி, "கத்தாதேடி, கீழ் வீட்டுக்குக் கேட்டா டாக்டர் உங்கப்பாவோட மானம் போயிடும்" என்றாயே.

அலறுவதைப் பத்து தடவை பழகினேன். இப்போது கடைசி வரிசைவரை கேட்கிறது.

அடுத்த தடவை நீயும் கத்தும்மா. கீழ் வீட்டுக்குக் கேட்கட்டும்.

உன் மகள்